பாட்டும் படச்சுருளும் பள்ளியும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் தமிழாசிரியருக்கு ஓரிடம் வரும்வரை எல்லாம் எளிதாகவே செல்லும். அரங்கின் நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல், உயரம் ஒருகோல் என்று கரும்பலகையில் வரைந்து காட்டிவிடலாம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளையும் விளக்கிவிடலாம். ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கிய மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மன்னன் முன் ஆடி, 1008 கழஞ்சு பொன் பெற்றதையும் சொல்லிவிடலாம். அப்போது பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, அன்று இசைத்த யாழ் எப்படி ஒலித்தது என்று கேட்டால் ஆசிரியரிடம் விடை இராது.

அவரிடம் மட்டுமா? அடியார்க்கு நல்லாரிடமே விடை இருந்ததா என்பது ஐயம். இசை நுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்று தமக்குத் துணையான நூல்களை அவர் பெயர் சொல்லிக் குறித்து வைத்தார். அவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன. 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தையும், 1947-இல் விபுலானந்த அடிகள் யாழ் நூலையும் வெளியிட்டனர். ஒருவர் மருத்துவர், மற்றவர் துறவி. வாழ்நாளின் பெரும்பகுதியை இருவரும் கணக்கிலும் கருவியிலும் செலவிட்டது, அந்த மாணவி கேட்ட அதே வினாவுக்கு விடை தேடித்தான். இசையைப் பற்றிய சொல் நம்மிடம் ஏராளமாக எஞ்சியிருக்கிறது, இசை எஞ்சவில்லை.

நம் காலத்துக்கு அந்தக் குறை இல்லை. பாடுவோரின் குரலும் முகமும் அவர் அமர்ந்திருந்த திண்ணையும் தெருவும் படச்சுருளில் ஒன்றாகப் பதிந்து கிடக்கின்றன. இசை பற்றிய ஆவணப்படங்கள், அதிலும் மக்கள் பரவலாகப் பாடிக் கேட்கும் இசையைப் பற்றிய படங்கள், வகுப்பறையில் வரலாறு கற்பிக்கப் பயன்படுமா, எவ்வாறு பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை மும்பைத் தமிழர் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஆவணப்படம் பிறந்து வளர்ந்த பட்டறை இந்த நகரமே. அந்தப் பட்டறைக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நாம் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறோம். ஆயினும் அதன் விளைபொருளை நம் பிள்ளைகளின் பாடத்தோடு இணைத்தோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

வரலாற்றாசிரியர் கல்வெட்டைப் படிக்கும் முறை நமக்குத் தெரிந்ததே. தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தியை அவர் அப்படியே நம்பிவிடுவதில்லை. வெட்டுவித்தவர் யார், யாருடைய பொன்னில் வெட்டப்பட்டது, எந்தச் சுவரில் நின்றது, யார் பெயர் விடுபட்டது என்று கேட்டுவிட்டே அடுத்த வரிக்குப் போவார். ஆவணப்படத்துக்கும் ஒரு மெய்க்கீர்த்தி உண்டு. பின்னணியில் ஒலிக்கும் கனத்த குரல் அதைத்தான் சொல்கிறது. படத்தைக் கல்வெட்டாக எண்ணிப் படிக்கக் கற்பித்தால் அது வரலாற்றுப் பாடம். விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டால் அது ஓய்வு வேளை. பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான்.

ஆவணப்படம் தமிழருக்குப் புதிதன்று. ஏ. கே. செட்டியார் மூன்றாண்டு உலகம் சுற்றிச் சேர்த்த படத்துண்டுகளைக் கொண்டு மகாத்மா காந்தி பற்றிய படத்தைத் தமிழ் விளக்கவுரையோடு 1940-இல் வெளியிட்டார். அவருக்கு அந்த எண்ணம் உதித்தது 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலின் மேல்தளத்தில். அரசு பிலிம்ஸ் டிவிஷன் என்னும் துறையைப் பம்பாயில் தொடங்கியதோ 1948-இல்தான். தனியொரு தமிழர் முந்திக்கொண்டார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று.

பிலிம்ஸ் டிவிஷனின் வரலாறு பெடர் சாலைக் கட்டடத்தில் தொடங்கினாலும் அதை மக்கள் கண்டது கொட்டகைகளில். உரிமம் பெற்ற ஒவ்வொரு திரையரங்கும் கதைப்படத்துக்கு முன் அரசு ஒப்பிய ஆவணப்படத்தையோ செய்திப்படத்தையோ காட்டியாக வேண்டும். அதற்கு வாடகையும் செலுத்த வேண்டும். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்ப் படங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அரோராவில் படம் பார்த்த மூத்தோர் இதை நினைவுகூர்வர். 'நியூஸ் ரீல்' முடியட்டும் என்று வெளியில் நின்று தேநீர் அருந்திவிட்டு, கதைப்படத்தின் பெயர் ஓடும்போது இருட்டில் இடம் தேடி உட்காருவதே வழக்கம். நாட்டின் மிகச்சிறந்த இசைவாணர் சிலர் அந்தத் தேநீர் வேளையில் பாடிக்கொண்டிருந்தார்கள்! கட்டாயம் என்னும் சொல் கலைக்குச் செய்த தீங்குகளில் இதுவும் ஒன்று. 1990-களில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 2022-இல் பிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

அந்தத் துறை எடுத்த இசைப்படங்களின் பட்டியல் நீண்டது. எஸ். என். எஸ். சாஸ்திரி 1970-இல் உஸ்தாத் அமீர் கானைப் படமாக்கினார். நான்காண்டில், 1974-இல், அமீர் கான் கார் விபத்தில் மறைந்தார். படம் இன்னும் ஐந்தாண்டு பிந்தியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மணி கௌல் 1989-இல் தும்ரிப் பாடகி சித்தேசுவரி தேவியின் வாழ்வைப் படமாக்கியபோது, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அப்படம் வேறொரு வழியைத் தேட வேண்டியிருந்தது. நேர்க்கதையாகச் சொல்லாமல் நினைவும் கனவுமாக அது செல்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டத் துணியும் ஆசிரியர் அரியர். கல்லூரிக்கு ஏற்றது. 1990-களின் தொடக்கத்தில் குல்சார் எடுத்த பீம்சேன் ஜோஷி பற்றிய படம் யாருக்கும் ஏற்றது.

நமக்கு மிக நெருக்கமான படம் வேறொன்று. சத்தியஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா'. நடனமேதை தஞ்சாவூர் பாலசரசுவதியைப் பற்றிய அப்படத்தைத் தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தன. நரிமன் முனையில் கடலோரம் இருக்கும் அந்த மையம் 1969-இல் தோன்றியது. ஆக, தமிழ்நாட்டின் பரம்பரைக் கலைஞர் ஒருவரைப் படச்சுருளில் காத்துவைத்ததில் நம் நகருக்குச் செம்பாதிப் பங்கு உண்டு. நம் பள்ளி ஆண்டு விழாக்களில் பரதம் ஆடாத ஆண்டு இல்லை. ஆடும் பிள்ளைகளுள் எத்தனை பேர் இப்படத்தைப் பார்த்திருப்பர்?

ராய் தம் 14-ஆம் வயதில், 1935-இல், கல்கத்தாவில் பாலசரசுவதியின் ஆட்டத்தைக் கண்டார். அவரைப் படமாக்க 1966-இலேயே திட்டமிட்டார். அது கைகூடப் பத்தாண்டு ஆயிற்று. படம் எடுத்தபோது பாலசரசுவதிக்கு வயது 58. அவரது இளமையின் ஆட்டம் கண்டவர் நினைவோடு போயிற்று. அவருடைய பாட்டியார் வீணை தனம்மாளின் இசையில் நமக்கு எஞ்சியவை சில இசைத்தட்டுகளே. விரல் வீணையில் நடந்த நடையைக் காட்டும் படம் நம்மிடம் இல்லை. மாதவியின் யாழுக்கும் தனம்மாளின் வீணைக்கும் இடையே நூற்றாண்டுகள் பல. ஆயினும் இரண்டுக்கும் நேர்ந்தது ஏறத்தாழ ஒன்றே.

படத்தில் பாலசரசுவதி கடற்கரையில் நின்று 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். பின்னால் அலை, காற்று சேலையை அலைக்கழிக்கிறது. அரங்கில் ஆடுவதற்குரிய ஒன்றை மணலில் ஆடவிட்டது சரியா என்று கேட்போர் உண்டு. அந்த வினாவையே வகுப்பில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் கடற்கரை? அங்கே அவரை நிறுத்தியவர் யார்? கோயிலிலும் சதிர்க் கச்சேரியிலும் ஆடிய மரபில் வந்தவர் வெட்டவெளியில் ஆடும்போது கிடைப்பது என்ன, தொலைவது என்ன? இன்னும் ஒரு வியப்பு: பாடலின் மொழி கன்னடம், ஆடுபவர் தமிழர், இயக்குநர் வங்காளி, பொருள் கொடுத்தவற்றுள் ஒன்று பம்பாய் நிறுவனம், ராயே தம் குரலில் சொல்லும் விளக்கவுரை ஆங்கிலம். அக்காலத்தில் இந்தியப் பண்பாடு என்று சொல்லப்பட்டது எப்படி உருவாக்கப்பட்டது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த பாடப்பொருள் எளிதில் கிடையாது. மெய்க்கீர்த்தியும் உண்டு. நிகழ்கலை மையத்தின் பொறுப்பில் இருந்த நாராயண மேனனே படத்தில் தோன்றிப் பாலசரசுவதியின் கலையைப் பற்றிப் பேசுகிறார். அவர் சொல்வது பொய் என்பதன்று. வெட்டுவித்தவரே கல்வெட்டிலும் இருக்கிறார் என்பதை மாணவர் கவனிக்கட்டும்.

அதன்பின் படத்துக்கு வெளியே போக வேண்டும். சென்னை மாகாணம் 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அதற்கு முன் 1932-இல் சென்னைச் சங்கீத வித்வத் சபை, சதிர் எனப்பட்ட ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்னும் பெயரை முன்மொழிந்தது. பாலசரசுவதி 1918-இல் பிறந்து, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறி, இவ்விரு மாற்றங்களுக்கும் ஊடே வாழ்ந்தவர். 1973-இல் அதே சபை அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது, 1984-இல் மறைந்தார். இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் படத்தை மறுபடி காட்டினால், முதன்முறை வெறும் அழகாகத் தெரிந்த முகம் இரண்டாம் முறை ஒரு காலத்தின் சான்றாகத் தெரியும். அரைமணி நேரத்துக்குச் சற்றே மிகுந்த படம். இருமுறை காட்ட நேரம் உண்டு.

இதுவரை சொன்னது செவ்வியல் இசை. மும்பையில் வேறொரு பாட்டும் உண்டு. ஆனந்த் பட்வர்தன் 1985-இல் வெளியிட்ட 'ஹமாரா ஷஹர்', நடைபாதையிலும் குடிசையிலும் வாழ்ந்தோரின் வீடுகள் இடிக்கப்பட்டதைப் பதிவு செய்த படம். அதில் விலாஸ் கோக்ரே என்னும் பாடகர் உழைப்பாளியின் கதையைப் பாட்டாகச் சொல்கிறார். இது நம் கதையும் ஆகும். 1981-ஆம் ஆண்டு ஜூலையில் மகாராட்டிர அரசு நடைபாதை வாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. ஒல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் பயில்வோர் அறிந்த வழக்கின் மனுதாரருள் ஒருவர் தமிழர். வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற உழவுத் தொழிலாளி. தகிசரில் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் நாட்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக்கும் கித்தானும் கொண்டு மறைத்த குடிலுக்குப் பேட்டை ரவுடி ஒருவனுக்கு அவர் கொடுத்தது 2,500 ரூபாய். குடிலை இடித்து, மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் அவரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். வேலை தேடி அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே குடியேறினார். இவையெல்லாம் உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் பதிந்துள்ளன. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. முன்னறிவிப்புத் தந்து அகற்றலாம் என்றும் கூறிற்று.

தீர்ப்பில் அந்தத் தொழிலாளியின் கூலி இருக்கிறது, குரல் இல்லை. அத்தகையோரின் குரலை அறியப் படத்திற்குத்தான் போக வேண்டும். கோக்ரேயின் பாட்டையும் தீர்ப்பின் இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றுவித்தால், 'சான்று' என்னும் சொல்லுக்கு வரலாற்றுப் பாடநூல் தரும் இலக்கணத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. இப்படத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்கே நான்காண்டு நீதிமன்றப் போராட்டம் தேவைப்பட்டது என்பதும் பாடத்தின் பகுதியே. அரசே எடுத்துக் கட்டாயமாகக் காட்டிய படமும் உண்டு. காட்ட விடாமல் தடுக்கப்பட்ட படமும் உண்டு. இரண்டையும் அறிந்த மாணவனுக்கு ஆவணப்படம் என்றாலே உண்மை என்னும் மயக்கம் வராது.

கோக்ரேயின் கதை அத்துடன் முடியவில்லை. 1997 ஜூலை 11-ஆம் நாள் காட்கோபர் ராமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை அணிவிக்கப்பட்டிருந்தது. திரண்ட மக்கள் மீது ரிசர்வ் போலீசார் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். செம்பூரிலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கொடுமை தாளாமல் சில நாட்களில் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பட்வர்தன் அன்றிலிருந்து பதினான்கு ஆண்டுகள் படம் எடுத்து 2011-இல் 'ஜெய் பீம் காம்ரேட்' வெளியிட்டார். மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட அப்படம் மராத்தியத் தலித் மக்களின் பாட்டு மரபை அதன் வலியோடும் எள்ளலோடும் காட்டுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் திறந்தவெளியில் திரைகட்டி அது காட்டப்பட்டது.

இதைப் பள்ளியில் முழுமையாகக் காட்டலாகாது. நீளம் ஒரு காரணம். சாவும் குருதியும் அதைவிடப் பெரிய காரணம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இயக்குநர் எண்ணிப் பார்த்து எடுத்த படம் அன்று இது. பாட்டுக் குழு தெருவில் நின்று பாடும் ஏழெட்டு நிமிடப் பகுதி ஒன்றை ஆசிரியர் தாமே தேர்ந்தெடுத்துக் காட்டுவது தக்கது. நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. தாராவிப் பிள்ளை வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று மூன்று மொழியில் வளர்கிறது. அடிவரியைப் படிக்காமலே பாட்டின் பொருள் அதற்கு எட்டும். பாட்டைத் தமிழில் சொல்லிப்பார் என்று ஒரு பயிற்சி கொடுத்தால், மொழிபெயர்ப்பும் வரலாறும் ஒரே பாடவேளையில் முடியும். பிறமொழி கலந்து பேசுகிறார்கள் என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளைகளிடம் உள்ள இச்செல்வத்தை நாம் மதிப்பதில்லை.

மராத்தியப் பாட்டைக் கேட்ட பிள்ளை அடுத்து, நம்மிடம் இப்படி உண்டா என்று கேட்கும். உண்டு. தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த முன்னோரில் பலர் திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட மக்கள், பறையை அறிந்தவர்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரீனியன் தென் தமிழ்நாட்டின் பறைக் கலைஞர்களைப் பற்றி 2011-இல் ஒரு படம் எடுத்தார். இழிவின் அடையாளமாக ஒதுக்கப்பட்ட கருவியைக் கலையாக மீட்கும் முயற்சியே அதன் பொருள். பின்னர்த் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடித்து ஆடுவதையும் அவர் படமாக்கினார். 'பாலா' வையும் இவற்றுள் ஒன்றையும் அடுத்தடுத்த வாரங்களில் காட்ட வேண்டும். பரதம் கலையாகவும் பறை சாவுமேளமாகவும் நம் வீடுகளில் பேசப்படுவது ஏன் என்னும் வினா தானாகவே எழும். அவ்வினா எழும்போது வகுப்பில் சில முகங்கள் தாழும், சில நிமிரும். அந்த நேரத்தில் ஆசிரியர் பாடநூலுக்குள் ஒளிந்துகொண்டால் படம் காட்டியதே வீண்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் பயன்படும். 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்னும் 2012-ஆம் ஆண்டுப் படம் அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகசைப் பற்றியது. சொந்த நாட்டில் விலைபோகாத அவர் இசைத்தட்டுகள், நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களின் உள்ளத்தில் இடம்பிடித்தன. தணிக்கையாளர் இசைத்தட்டின் மேல் கீறிப் பாட்டைக் கெடுத்துவைத்த செய்தி, ஓர் அரசு பாட்டுக்கு எவ்வளவு அஞ்சும் என்பதைச் சட்டென விளக்கிவிடும். படம் ஆஸ்கார் விருது பெற்றது. ஆனால் உலகம் அவரை அடியோடு மறந்துவிட்டது போல அது காட்டுவது முழு உண்மையன்று. 1979-இலும் 1981-இலும் அவர் ஆஸ்திரேலியாவில் பயணம் செய்து பாடினார். கதையின் சுவைக்காக அது விடப்பட்டது. படத்தை முதலில் காட்டி, கண்ணீர் காய்வதற்குள் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். ஏமாந்தோம் என்ற சினம் சிலருக்கு வரும். அச்சினம் நல்ல ஆய்வாளனின் முதற்பாடம்.

இன்றைய பிள்ளைகளின் பாட்டு இவை எதுவும் இல்லை. அது ராப். குர்லாவைச் சேர்ந்த நேஸி என்னும் இளைஞர் ஐபேட் ஒன்றை வைத்துக்கொண்டு 2014-இல் தம் பாட்டைப் படமாக்கி வெளியிட்டார். அவரைப் பற்றி அதே ஆண்டில் 'பாம்பே 70' என்னும் குறும்படம் வந்தது. குர்லாவின் அஞ்சல் எண்ணே அதன் பெயர். 2019-இல் வந்த 'கல்லி பாய்' இத்தகைய இளைஞர்களின் வாழ்வை ஒட்டிப் புனைந்த கதைப்படம். தாராவியின் தமிழ் இளைஞர்கள் பங்குகொண்ட 'டோப்அடெலிக்ஸ்' குழு 2018-இல் 'காலா' படத்தில் பாடியது. பாட்டனார் கும்மிக்குத் தாளம் போட்ட அதே கையால் பேரன் 'பீட்பாக்ஸ்' பழகுகிறான் என்று முதியோர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். வருந்த ஒன்றுமில்லை. வசையும் எள்ளலும் சொல்லடுக்கும் நம் காளமேகத்துக்குத் தெரியாதவையா?

இங்கே ஆசிரியர் செய்ய வேண்டுவது கதைப்படத்தையும் ஆவணப்படத்தையும் பிரித்தறியப் பழக்குவது. 1987-இன் 'நாயகன்' முதல் தாராவியைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் கதைப்படங்கள் வாயிலாகத்தான். அவற்றில் மழை பெய்யும், துப்பாக்கி வெடிக்கும். 'பாம்பே 70' இல் ஒருவன் தன் தெருவில் நின்று தன் கதையைச் சொல்கிறான். இரண்டிலிருந்தும் மூன்று மூன்று நிமிடம் காட்டி, தாராவி மாணவனிடமே, இவற்றில் எது உன் தெருப்போல் இருக்கிறது என்று கேட்கலாம். அவன் இரண்டுமில்லை என்பான். அங்கிருந்து அன்றைய பாடம் தொடங்கும்.

முறை பற்றி ஒரு சொல். பாடவேளை முப்பத்தைந்து நிமிடம் என்றால் படம் எட்டு நிமிடத்தைத் தாண்டலாகாது. முதலில் திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்க; என்னென்ன கேட்டது என்று எழுதட்டும். பாட்டோடு சேர்ந்து ரயில் ஓசையும் குழந்தை அழுகையும் குக்கர் விசிலும் அவர்கள் ஏட்டில் வரும். பின்பு ஒலியை அடக்கிப் படத்தை மட்டும் காட்டுக; யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் காட்டுக. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா; ஒரு சுவரும் ஒரு பழைய புரொஜெக்டரும் போதும். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர் சொல்வது உண்மைதான். ஆண்டுக்கு நான்கு வேளை கேட்கிறேன், அவ்வளவே. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கலைக் கல்விக்குப் பள்ளியில் இடம் கேட்டது. அந்த இடத்தை வரைபடத் தாளுக்கும் சுதந்திர தின நடனத்துக்கும் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன படங்களை எடுத்தவர் எல்லாரும் வெளியார். பாலசரசுவதியை வங்காளி எடுத்தார், பறையை அமெரிக்கர் எடுத்தார். மும்பைத் தமிழரின் பாட்டை யார் எடுத்தார்? சண்முகானந்தா சபையில் பாடிய வித்துவான்களின் ஒலிப்பதிவு எங்கேனும் இருக்கும். மாட்டுங்காவின் பஜனை சமாஜத்துப் பாட்டும் ஒருவாறு காக்கப்படும். அவற்றுக்குப் புரவலர் உண்டு. தாராவியில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், கொடை விழாவில் வில்லடித்துப் பாடிய கதையும் யார் பொறுப்பு? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆனால் வீட்டுப் பாட்டு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2022-இல் ஏலம் முடிவாயிற்று. 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. கணக்கெடுப்பாளர் சுவரையும் கூரையையும் அளந்து எண் எழுதுவர். அந்தச் சுவருக்குள் பாடப்படும் பாட்டுக்கு அவர் ஏட்டில் கட்டம் கிடையாது. ஒரு சந்தின் மக்கள் பத்து அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனால், கும்மிக்கு வட்டம் கூட நான்கு பேர் சேர மாட்டார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் இன்று படம் பிடிக்கும் கைப்பேசி பெரும்பாலும் உண்டு. நான்கு வேளைப் பாடத்தில் மற்றவர் எடுத்த படத்தைக் கல்வெட்டாகப் படிக்கக் கற்ற பிள்ளை, ஐந்தாவதாகத் தானே ஒன்றை வெட்டலாம். பாட்டியின் பெயர், ஊர், மும்பைக்கு வந்த ஆண்டு, பாட்டை யாரிடம் கற்றார், எப்போது கடைசியாகப் பாடினார் என்னும் ஐந்து செய்திகள் முதலில், பிறகு பாட்டு. இடையில் மறந்துபோய்ப் பாட்டி நிறுத்தினால் கேமராவை நிறுத்தலாகாது. அந்த மறதியும் பதியட்டும். பதிந்ததைச் சங்க நூலகத்தில் ஒரு படி வைக்கலாம். தைப்பொங்கலன்று தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுவார்கள். பால் பொங்கும்போது எழும் குலவையை வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துகொண்டே பதிவு செய்ய நான்கு மாணவிகள் போதும்.